தூக்கிப் பார்த்தால்தான் றெக்கை

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படம் வரைகிற வட்டாரத்தில் சட்டென்று தெரிந்துவிடும். இப்போது அவள் பெரிய ஆள். டில்லியில் கண்காட்சி, பாரிஸில் கண்காட்சி என்று பழைய சிநேகிதிகள் யாராவது வாட்ஸப்பில் படம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "உன் ரூம்மேட்தானேடி?" என்று கூடவே ஒரு கேள்வி வேறு. நானும் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு, வந்த படத்தை அழித்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அழித்தாலும் பார்த்தது பார்த்ததுதானே. அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிவிடும்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு சும்மா நிற்பாள். வேண்டியது தானாக வந்து விழும். கும்பகோணத்து ஓவியக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில், விடுதிச் சாப்பாட்டு வரிசையில் அவள் தட்டை நீட்டினால் சமையல்கார அம்மா அண்டாவின் அடிவரை துழாவி முருங்கைக்காயாகப் பார்த்து அள்ளிப் போடும். பின்னால் நிற்கும் என் தட்டில் வெறும் சாறு. "அக்கா, எனக்கும் ஒரு காய் போடுங்களேன்" என்று நான் வாய் திறந்தே கேட்பேன். "எல்லாருக்கும் ஒரே கரண்டிதாம்மா" என்று பதில் வரும். பிறகு அவளே தன் தட்டிலிருந்து பாதியை எனக்கு எடுத்துப் போடுவாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒருமுறை தஞ்சாவூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். கும்பகோணத்தில் அழ ஆரம்பித்த ஒரு கைக்குழந்தை சுந்தரப்பெருமாள்கோவில் தாண்டியும் நிறுத்தவில்லை. தாய்க்காரி பால் கொடுத்துப் பார்த்தாள், சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தாள், கடைசியில் தானும் அழுதுவிடுவாள் போலிருந்தது. இவள் எழுந்து போய்க் கையை நீட்டினாள். தாய்க்காரி யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். இவள் குழந்தையின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி, மெல்ல மேலும் கீழும் அசைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"ஏழு தேங்கா இருக்கும். மட்டையோட."

அவள் அப்பாவுக்குப் பேராவூரணியில் தென்னந்தோப்பு. பிறந்ததிலிருந்து லாரியில் காய் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள். எதைத் தூக்கினாலும் தேங்காயில்தான் எடை சொல்வாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் மூக்கைப் பிடித்துப் பார்த்தது. பாதி பஸ் கைதட்டாத குறை. நானும் சும்மா இராமல், "இங்கே குடு, நானும் வச்சுக்கறேன்" என்று வாங்கினேன். என் கைக்கு வந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "அந்தப் பாப்பாகிட்டயே குடுத்துடுங்க தாயி, புண்ணியமாப் போவும்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்கு எங்கே எரிந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரியில் கலை வரலாறு எடுத்த சார், ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, வெள்ளைத் துணியில் இத்தாலிக்காரர்களின் தேவாலயக் கூரைகளைக் காட்டுவார். பரோக் என்கிற, முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தின காலத்து ஓவியங்கள், சிற்பங்கள். எங்கே பார்த்தாலும் குழந்தைகள். மேகத்துக்கு மேலே, தூணுக்குக் கீழே, கல்லறையின் மூலையில், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, பூச்சரத்தைத் தூக்கிக்கொண்டு. மணிக்கட்டில் கயிறு கட்டினாற்போல் சதை மடிப்பு, முட்டியில் குழி, முதுகில் இரண்டு றெக்கை. சார் ஒரு பளிங்குச் சிலையைக் காட்டி, ஒரு கை ஒரு தொடையைப் பற்றியிருக்கும் இடத்தைக் குச்சியால் தொட்டார். "விரல் அழுந்துன எடத்தப் பாருங்க. கல்லு கல்லா இருக்கா? சதையாயிட்டுது. கனத்தைக் கண்ணால காட்டறதுன்னா இதுதான்" என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். அவள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கை தூக்கினாள்.

"சார், இந்தத் துளியூண்டு றெக்கைக்கு இந்தப் பிள்ளை எப்படி சார் எந்திரிக்கும்? ஒரு கோழிகூட எந்திரிக்காது."

வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். "நீயா இருந்தா என்னம்மா பண்ணுவ?"

"தூக்கிப் பாத்துட்டுத்தான் சார் றெக்கை போடுவேன். எடை தெரியாம எப்படிப் போடறது?"

விளையாட்டுக்குச் சொன்னாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவளுக்கு அது விளையாட்டில்லை. அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டு, கோயில், ஆஸ்பத்திரி என்று கண்ட இடத்தில் கண்ட குழந்தையைத் தூக்கி எடை சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். எந்தத் தாயும் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

அதே சார் ஒருமுறை, அவரவர் இடது கையைப் பார்த்து வரைந்து வரச் சொன்னார். என் இடது சுண்டுவிரல் வளைந்திருக்கும். சின்ன வயதில் சைக்கிள் செயினில் சிக்கி, உள்பக்கமாகத் திரும்பியது திரும்பியபடியே நின்றுவிட்டது. ஒரு வாரம் முழுக்க அந்தக் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு வரைந்தேன், கிழித்தேன், வரைந்தேன். அவள் கடைசி நாள் காலைவரை பென்சிலைத் தொடவில்லை. கல்லூரி வாசல் டீக்கடையில் நான் இடது கையில் கண்ணாடித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எதிரில் உட்கார்ந்து கிறுக்கினாள்.

சார் என் படத்தைப் பார்த்தார். "எலும்பெல்லாம் சரியா இருக்கும்மா. கைதான் இல்ல" என்று திருப்பித் தந்தார். அவள் படத்தைக் கையில் எடுத்தவர் வெகுநேரம் கீழே வைக்கவில்லை. "ஆனா இது உன் கை இல்லையே?"

"ஒரு கை வரையுது, ஒரு கை பேப்பரப் பிடிக்குது. அப்புறம் எதைப் பாத்து சார் வரையறது? அதான் இவ கையை வரஞ்சேன்."

அந்தப் படம் வகுப்புச் சுவருக்குப் போனது. என் தம்ளர், என் கை, என் கோணல் விரல். படிப்பு முடிகிறவரை தினமும் அதைத் தாண்டித்தான் நான் என் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

படிப்பு முடிந்ததும் அவள் மேலே படிக்க பரோடா போனாள். நான் கல்யாணம் ஆகிப் பாபநாசம் வந்தேன். கணவருக்குக் கடைத்தெருவில் உரக்கடை. எனக்குப் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை. பூச்சாடி, மாம்பழம், தேசத் தலைவர்கள். பிள்ளைப்பேறு தள்ளிக்கொண்டே போய், ஏறாத கோயில் இல்லாமல் ஏறி, நாகூர் தர்காவுக்கும் போய்ச் சமாதியின் தலைமாட்டில் அழுதுவிட்டு வந்த பிறகு ஒரு பெண் பிறந்தாள். தர்காவிலிருந்து வாங்கி வந்த வெள்ளித் தாயத்தை அவள் இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். எப்போது பார்த்தாலும் அது முதுகுப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

குழந்தை தவழத் தொடங்கிய சமயத்தில்தான் எங்கள் ஊரில் அந்தக் கல்யாண மஹால் எழும்பியது. நிலம் நீச்சோடு இருந்த குடும்பம். மூத்த மகன் சிங்கப்பூரில் சம்பாதித்து வந்து, ரோட்டோரத்து நெல்வயலைத் தூர்த்துக் கட்டினார். இடையில் ரோமுக்குச் சுற்றுலா போயிருக்கிறார். "அண்ணாந்து பாத்து கழுத்தே புடிச்சுக்கிச்சு டீச்சர். நம்ம மஹால்லயும் மேல பிள்ளைங்க பறக்கணும். நீங்க வரைவீங்கல்ல?" என்று முதலில் என்னிடம்தான் வந்தார். தலைகால் புரியவில்லை எனக்கு. ஒரு மாதிரிப் படம் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நல்ல மனுஷர். தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பறக்கற மாதிரி இல்ல. யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இருக்கு."

அடுத்த மாதம் யாரோ அவருக்கு அவள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அவளே எனக்குப் போன் செய்தாள். "ஏய், உங்க ஊருக்குத்தாண்டி வர்றேன்!" என்று அப்படி ஒரு சந்தோஷம் அவள் குரலில். என் கணவர் பக்கத்தில் நின்று, "நம்ம வீட்டு மாடி ரூம் சும்மாதான கெடக்கு, இங்கயே தங்கச் சொல்லு" என்றார். தன் பனியனைத் தவிர வேறெதையும் தேடி வாங்கியிராத மனுஷர், சாரத்தில் ஏறினால் இறங்கி டீ குடிக்க முடியாது என்று அவளுக்கு ஒரு பிளாஸ்க் வாங்கி வந்தார். என் மாமியார் அவளுக்காகச் சாம்பாரில் காரத்தைக் குறைத்தார். குறைத்த காரமெல்லாம் என் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது.

வந்த அன்று வாசற்படி ஏறுமுன்பே பையைக் கீழே போட்டுவிட்டு, என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள். என் மகள் வேற்று ஆளைக் கண்டால் வீறிடுகிறவள். பாவி மகள், சிரித்துக்கொண்டே தாவினாள். இரண்டு கையையும் விரித்து, பாதி உடம்பு என் இடுப்பைவிட்டுப் போய்விட்டது. நான் அப்படியே திருப்பித் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"சளி புடிச்சிருக்குடி. யார்கிட்டயும் போனா அழுவா."

"அழுவாளா? சரி, சரி" என்று அவள் கையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் ஒருநாளும் நீட்டவில்லை.

நான் அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேனே, அந்தக் கூரையில் என் மகள் முகம் வர வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. நான் வரைய வேண்டிய கூரை அது. என் பிள்ளையாவது ஏற வேண்டாமா? 'எல்லாக் குழந்தையும் இருக்கட்டும், உன் பொண்ணை வரையணும்டி, கொஞ்சம் குடு' என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால் போதும், கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அவளோ, யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள்.

ஊர்ப் பெண்களுக்கு விஷயம் தெரிந்ததும் மஹால் வாசலில் ஒரே குழந்தைக் கூட்டம். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, மை தீட்டித் தூக்கி வந்தார்கள். அவள் சாரத்திலிருந்து இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி எடை சொல்வாள். "ஆறு தேங்கா." "இவன் எட்டு, போலீஸ்காரன் ஆவான்." "இது அஞ்சுதான், ஆனா முத்துன காய்." தாய்மார்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் பிள்ளைகளின் எடை தேங்காயாகிப்போனது. கடைத்தெருவில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "எம் புள்ள எட்டாம், பெயிண்டரம்மா சொன்னாங்க" என்று என் காதுபடவே சொல்லிக்கொண்டு போனாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்க பாப்பா எத்தினி டீச்சர்?" என்றாள். "இன்னும் பாக்கல" என்று நடந்தேன்.

முதல் குழந்தை கூரையில் முடிந்ததும் ஊரே போய்ப் பார்த்தது. நானும் என் மாமியாரும் போனோம். மஹால் முதலாளி கேட்டபடியே, இத்தாலியக் குழந்தை மாதிரி துணியில்லாமல், வெறும் இடுப்போடு, றெக்கையை விரித்துக்கொண்டு ஒரு மாவிலைத் தோரணத்தை இழுத்துக்கொண்டிருந்தது. நிஜமாகவே எழும்பிவிடும் என்று தோன்றியது. அந்த நேரத்தில்தான் அந்த யோசனை வந்தது. மாமியார் காதில் மெல்ல, "என்ன அத்தை, பிள்ளை இடுப்புல ஒண்ணுமே காணோம்?" என்றேன்.

மாமியார் அண்ணாந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அடி ஆத்தீ! அரைஞாண் இல்லாம வெறும் இடுப்பா! அதை அத்து எடுக்கறது எப்ப? எந்திரிக்காத உடம்புக்குல்ல எடுப்பாங்க! கல்யாணம் பண்ற எடத்துல இப்படி வரஞ்சு வைக்கலாமா?"

பற்றிக்கொண்டது. கூடியிருந்த பெண்களெல்லாம் நெஞ்சில் கைவைத்தார்கள். வரையக் கொடுத்த தாய்க்காரி அழவே ஆரம்பித்துவிட்டாள். முதலாளி ஓடி வந்தார். இனி அவளை மூட்டைகட்டச் சொல்வார், இல்லை, அவள்தான் 'ரோமில் இப்படித்தான், எனக்குத் தெரியும்' என்று முறுக்கிக்கொண்டு போவாள் என்று நான் தூணோரமாக நின்றேன்.

அவள் சாரத்தின்மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "அட, ஆமால்ல! எவ்வளவு பெரிய தப்பு!" என்றாள். "அதான் எனக்கும் என்னமோ கொறையுதேன்னு இருந்துச்சு. யாரு கண்டுபுடிச்சது?"

"நான்தாம்மா" என்று என் மாமியார் முன்னால் வந்தார்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. வேற என்ன வேணும், சொல்லுங்க."

கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு, கையில் கறுப்பு வளையல் என்று பெண்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் அத்தனையையும் வைத்தாள். கெடுவான் கேடு நினைப்பான் என்பது இதுதான். அரைஞாண் கட்டிக்கொண்டு, கன்னத்தில் மைப்பொட்டோடு பறக்கும் அந்தக் குழந்தைகளைப் பார்க்கத்தான் பின்னால் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். படம் எடுத்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். அவள் பெயர் வெளியே தெரிந்ததே அந்தக் கூரையால்தான். அவள் ஏணிக்கு முதல் படி நான் வைத்துக் கொடுத்தேன். இதுவரை யாருக்கும் தெரியாது.

மஹால் திறப்புக்கு முந்தின நாள் மதியம் எல்லோரும் பார்க்கப் போனோம். ஒரு மூலையைத் தவிர மற்ற இடத்தில் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். கூரை முழுக்க நம் ஊர்க் குழந்தைகள். ஒன்று நெற்கதிரை ஆட்டிக்கொண்டு, ஒன்று மல்லிகைச் சரத்தின் மறுமுனையைத் தேடிக்கொண்டு, ஒன்று நாயனத்தில் வாயை வைத்துக்கொண்டு. கனத்த பிள்ளைக்குப் பெரிய றெக்கை, சின்னதுக்குச் சின்னது. "அந்தா எம் புள்ள!" "ஏ, எங்க தொப்பையப் பாரு!" என்று மண்டபமே கூச்சல். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். என் மகள் இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இல்லை.

சாரம் நின்ற மூலையில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வாசலுக்கு மேலே, கடைசியாகக் கண்டுபிடித்தேன். முகம் தெரியவில்லை. முதுகுதான். மேகத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் வந்து ஒரு குழந்தையை அணைத்திருந்தது. குழந்தையின் இடுப்பில் அரைஞாண், அதில் முதுகுப் பக்கம் திரும்பிய வெள்ளித் தாயத்து. அந்தக் கூரை முழுவதிலும் பெரியவர்களைச் சேர்ந்ததென்று இருந்தது அந்தக் கை ஒன்றுதான். கண்ணாடி வளையல். உள்பக்கம் வளைந்த சுண்டுவிரல். றெக்கை முளைக்க வேண்டிய முதுகு வெறுமனே இருந்தது.

அவள் சாரத்திலிருந்து இறங்கி வந்தாள். முகமெல்லாம் நீல வண்ணம்.

"எம் பொண்ணுக்கு மட்டும் ஏண்டி றெக்கை இல்ல?" என்றேன்.

"நீ தூக்கவே குடுக்கலியேடி. எடை தெரியாம எப்படிப் போடறது?"

"முகமாவது வரஞ்சிருக்கலாம்ல?"

"இத்தனை நாளு உன் வீட்லதான் இருந்தேன். நான் வந்தா நீ அவளத் தோள்ல சாச்சுக்குவ. முதுகத்தான காட்டுன. பாத்தத வரஞ்சேன்." சண்டைக்குச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு புடவையிலேயே கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்தச் சாரத்த நாளைக்குக் காலைலதான் பிரிக்கிறாங்க. இப்பக் குடு, ஒரு நிமிஷம் தூக்கிப் பாத்துட்டுத் தந்துடறேன். சாயங்காலத்துக்குள்ள றெக்கை போட்டுடுவேன். குடுடி."

கையை நீட்டினாள். கேட்டேவிட்டாள். எத்தனை வருஷப் பழக்கம், அவள் வாயால் ஒன்றைக் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் என்னிடம்.

தோளில் கிடந்த குழந்தை குரல் கேட்டுத் திரும்பியது. அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு. கையைக் காலை உதைத்தது. எனக்குத் தெரியும், கொடுத்தால் போய்விடும். அவள் மூக்கைப் பிடிக்கும். திரும்ப வாங்கும்போது அழும். எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள். முருங்கைக்காயை விட்டேன், என் கையையே விட்டேன், கூரையை விட்டேன். இதையும் அந்த நீட்டிய கையில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

"தூங்கற நேரம்டி அவளுக்கு" என்றேன்.

"இப்பத்தானே எந்திரிச்சுது?" என்றார் என் மாமியார்.

"இல்ல அத்தை, கண்ணைக் கசக்குறா பாருங்க."

குழந்தை கண்ணைக் கசக்கவில்லை. அவளுக்கும் தெரியும். நீட்டிய கையை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். "சரிடி" என்றாள். நான் வெயிலில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் மகள் என் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு ஜெயித்தது நான்தான். அந்த வாரமே அவள் கிளம்பிப் போனாள். பிளாஸ்க்கைக் கழுவி, மாடி ரூமில் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அந்த மஹாலில் நடக்காத விசேஷம் இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தி அண்ணாந்து, "அது எம் மவன், இப்ப துபாய்ல இருக்கான்" என்பாள். நான் பந்திக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். அந்த வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வேன். கேட்டவர்களிடம், "அந்த மூலை முடிக்காம விட்டுட்டுப் போயிட்டா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மாதம் என் நாத்தனார் மகன் கல்யாணமும் அங்கேதான். என் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போனைத் தூக்கிப் பிடித்துக் கூரையை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தவள், அந்த வாசலுக்குக் கீழே நின்றுவிட்டாள். பின்னால் பந்திக்கு வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். நகரவில்லை.

"அம்மா, இங்க வாயேன். இந்தப் பாப்பாவுக்கு மட்டும் ஏன் றெக்கை இல்ல?"

"முடிக்கலடி. வா, எலை போட்டுட்டாங்க."

"முடிக்காம இல்லம்மா. இது ஒண்ணுதான் நல்லாப் பாத்து வரஞ்சிருக்கு. இந்தக் கையப் பாரு, எப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கு! விரல் பட்ட எடத்துல சதை பிதுங்குது. எவ்வளவு கனமா இருந்துருக்கும் அந்தப் பிள்ளை!"

போனை என் முகத்துக்கு நேரே காட்டினாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு கிட்டத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. என் ஐந்து விரல்களும் என் மகளின் இடுப்புச் சதையில் அழுந்தியிருந்தன. சார் அன்றைக்குக் குச்சியால் தொட்டுக் காட்டியது அத்தனையும் அங்கே இருந்தது. என் பிள்ளையின் எடை, தேங்காய்க் கணக்கெல்லாம் தேவையில்லாமல், அந்தக் கையிலேயே தெரிந்தது. தூக்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு அவள் கேட்டது எடைக்காக இல்லை. சும்மா, ஒரு தடவை தூக்கத்தான் கேட்டிருக்கிறாள்.

மகள் என் இடது கையைப் பிடித்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். சுண்டுவிரலைத் தொட்டாள்.

"அம்மா, இது உன் கை!"

நான் கையை உருவிக்கொண்டேன்.

"அப்ப இது நானா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வரஞ்சது உன்கூடப் படிச்சவங்கன்னு அப்பா சொல்லிருக்காரு. அவங்க பேரு என்னம்மா? நான் பாக்கணும் அவங்கள."

பாதி உடம்பு என் இடுப்பைவிட்டுப் போய்விட்டாற்போல் இருந்தது, அன்றைக்கு வாசற்படியில் தாவியதைப் போலவே. அவள் அப்பாவுக்குப் பெயர் தெரியும். உள்ளே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் சொல்லிவிடுவார். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு. அதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை.

"மறந்துபோச்சுடி" என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்திக்கு நடந்தேன்.